மூன்று காகங்களும் ஒரு பதிவு எண்ணும்

வனவிலங்கு, கால்நடை, பொதுச் சுகாதாரத் துறைகளில் இருந்துகொண்டு "பொதுமக்களே, நீங்களும் கண்காணிப்பில் பங்கெடுங்கள்" என்று அழைக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

செத்த பறவையைக் கண்டால் சொல்லுங்கள், உடம்பில் கடித்துக்கொண்டிருந்த உண்ணியைப் படமெடுத்து அனுப்புங்கள், வழக்கத்துக்கு மாறாக நடமாடும் விலங்கைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டீர்கள். நானும் ஒப்புக்கொண்டேன். பறவைகளை எண்ணுவது எனக்குப் பழைய பழக்கம். வீட்டில் இதை வேலையற்ற வேலை என்பார்கள். அரசாங்கமே கேட்கிறது என்றதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் காலை நடை போகும் பாதையில் மூன்று காகங்கள் செத்துக் கிடந்தன. ஒன்று என்றால் கடந்து போயிருப்பேன். மூன்று, அதுவும் ஒரே மரத்தடியில், காயம் எதுவும் தெரியாமல். நீங்கள் சொல்லியிருந்தபடி தொடவில்லை. தள்ளி நின்று படமெடுத்தேன். இடம், நேரம், எண்ணிக்கை, என் பெயர், கைப்பேசி எண் எல்லாம் படிவத்தில் நிரப்பினேன். கடைசியில் நன்றி என்று ஒரு வரியும் நீளமான ஒரு பதிவு எண்ணும் வந்தன. அவ்வளவுதான். மறுநாள் காகங்கள் அப்படியே கிடந்தன. அதற்கு மறுநாள் காணவில்லை. நீங்கள் எடுத்துப்போனீர்களா, நாய் இழுத்துப்போனதா, குப்பை வண்டியில் ஏறினவா, இன்றுவரை தெரியாது.

எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. ஓர் அலுவலகத்தைக் குறைசொல்ல இத்தனை நீள மடல் வேண்டியதில்லை. நான் கேட்க வந்தது ஒன்றுதான். நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் சொன்னோம். சொன்னதற்கு என்ன ஆயிற்று என்று திருப்பிச் சொல்லுங்கள்.

உங்கள் சங்கடம் புரியாமல் இல்லை. தகவல்கள் குவிகின்றன, ஆய்வுக்கூடத்தில் ஆள் குறைவு, அழுகிப்போன சடலத்தில் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது, ஒரே இடத்திலிருந்து இருபது காகம் சோதித்த பிறகு இருபத்தோராவது புதிதாக எதையும் சொல்லிவிடாது. எல்லாம் சரி. "இந்தப் பகுதியிலிருந்து வேறு தகவல் இல்லை, அதனால் இப்போது சோதிக்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் அந்த மரத்தடியைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு வரி வந்திருந்தால் போதும், நான் தினமும் போய்ப் பார்த்திருப்பேன். சோதிக்கவில்லை என்பதும் ஒரு பதில்தான். கிணற்றில் போட்ட கல் மாதிரி ஆகிவிட்டால் அடுத்த கல்லை யார் போடுவார்கள்?

இதைச் செய்ய முடியாது என்பவர்களுக்கு ஜெர்மனியைக் காட்டுகிறேன். அங்கே 2012 முதல் 'மியூக்கன்அட்லஸ்' என்று ஒரு கொசுக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டுக்குள் வரும் கொசுவை நசுக்காமல் ஒரு மூடியுள்ள குப்பியில் பிடித்து, குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்து, செத்ததும் சின்னப் பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். நசுங்கினால் இனம் கண்டுபிடிக்க முடியாது என்பதற்குத்தான் இத்தனை பக்குவம். அனுப்பியவருக்கு அது என்ன கொசு என்று பதில் போகிறது. கொசுவே இல்லை, வேறு பூச்சி என்றாலும் அதைச் சொல்கிறார்கள். செத்த கொசுவுக்கே பதில் எழுதுகிறவர்கள் இருக்கும்போது மூன்று காகத்துக்கு எழுத முடியாதா என்று நான் கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது என்று நம்புகிறேன். ஸ்பெயினின் 'மஸ்கிட்டோ அலர்ட்' செயலியிலும் மக்கள் அனுப்பும் படங்களைப் பூச்சியியல் வல்லுநர்கள் பார்த்து முடிவு சொல்கிறார்கள். 2018இல் அஸ்தூரியாஸ் பகுதியிலிருந்து ஒருவர் அனுப்பிய படத்திலிருந்துதான் ஈடிஸ் ஜப்பானிகஸ் என்ற அயல்நாட்டுக் கொசு ஸ்பெயினுக்குள் வந்துவிட்டது முதன்முதலில் தெரிந்தது.

செயலி எல்லாம் வருவதற்கு முன்பே இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. பெரியம்மை ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில் நோயாளியைக் காட்டிக்கொடுப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். 1975இல் வங்கதேசத்தின் போலா தீவில் ரஹிமா பானு என்ற குழந்தைக்கு அம்மை கண்டிருப்பதைச் சொன்னது ஓர் எட்டு வயதுச் சிறுமி. கொடிய வகைப் பெரியம்மை இயற்கையாகத் தொற்றியதில் உலகிலேயே கடைசி ஆள் ரஹிமாதான். சிறுமி சொன்னாள், ஆள் வந்தார்கள், வீட்டுக்குக் காவல் போட்டார்கள், சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் அம்மை குத்தினார்கள், சிறுமிக்கு 250 டாக்கா பரிசும் கொடுத்தார்கள். பரிசை விடுங்கள். தான் சொன்ன சொல்லுக்கு என்ன நடந்தது என்பதை அந்தச் சிறுமி தன் கண்ணாலேயே பார்த்தாள். அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி கொஞ்சம் கசப்பான கதைக்கு வருகிறேன். ஜப்பானில் மினமாட்டா. 1950களின் தொடக்கத்தில் அந்தக் கடலோர மீனவர் குடியிருப்புகளில் பூனைகள் ஆடத் தொடங்கின. சுற்றிச் சுற்றி ஓடி, வலிப்பு வந்து, கடலில் விழுந்து செத்தன. 'ஆடும் பூனை நோய்' என்று மக்களே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு குடியிருப்பில் பூனைகள் எல்லாம் செத்துத் தீர்ந்ததில் எலித்தொல்லை பெருகி, எலிகளை ஒழித்துத் தாருங்கள் என்று 1954இல் நகராட்சியிடம் போய்க் கேட்டார்கள். ஒரு மனுவுக்குள் எவ்வளவு பெரிய செய்தி ஒளிந்திருந்தது பாருங்கள். கேட்டவர் காதில் எலி மட்டும்தான் விழுந்தது. பூனைகள் எங்கே போயின என்று அன்றைக்கே ஒருவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். மனிதர்களுக்கு வந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே மாதம் 1ஆம் தேதி. தொழிற்சாலைக் கழிவில் வந்த மெத்தில் பாதரசம் மீனில் சேர்ந்து, மீனைத் தின்ற பூனைக்கும் மனிதருக்கும் நரம்பைத் தாக்கியது. இதுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. அதுவரை கழிவு கடலில் கலந்துகொண்டே இருந்தது.

உங்கள் படிவத்தில் 'விலங்கின் வகை' என்று ஒரு பட்டியல் வருகிறது. பறவை, பாலூட்டி, ஊர்வன. மினமாட்டாக்காரர் இன்று வந்தால் எதைத் தொடுவார்? எலி அதிகமாகிவிட்டது என்பது பாலூட்டியில் சேருமா? மக்கள் பார்ப்பது எப்போதும் உங்கள் பெட்டிக்குள் அடங்குவதில்லை. 'இங்கே என்னவோ சரியில்லை' என்று எழுத ஒரு வெற்று இடம் விடுங்கள். அதை வாசிக்க ஓர் ஆளும் வேண்டும். இயந்திரம் வாசித்தால் எலி என்றுதான் குறித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் பகுதியில் பாலி மர்ரி என்ற தாய், தன் வீட்டாருக்கு மாறி மாறி வந்த மூட்டுவீக்கத்தையும் தோல் தடிப்பையும் வருடக்கணக்கில் எழுதி வைத்தார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் அதே தொல்லை இருப்பதைக் கவனித்தார். போன இடத்திலெல்லாம் மனப்பிரமை என்றே பார்த்தார்கள். 1975இல் அவரும் இன்னொரு தாயும் சுகாதாரத் துறையிடம் விடாமல் சொன்ன பிறகுதான் ஆய்வு தொடங்கியது. பக்கத்துப் பக்கத்து மூன்று ஊர்களில் 39 குழந்தைகளுக்கும் 12 பெரியவர்களுக்கும் அந்த மூட்டுவீக்கம் இருப்பது தெரிந்தது. உண்ணி கடித்து வரும் அந்த நோய்க்கு லைம் என்று ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. காரணமான கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் 1982இல் அறிவித்தார். இன்று உண்ணியை அனுப்பச் சொல்லி நீங்கள் ஒட்டும் சுவரொட்டிக்கெல்லாம் அந்த அம்மாவின் நோட்டுப் புத்தகம்தான் மூதாதை. அவரை யாரும் அழைக்கவில்லை. அழைப்பில்லாமலே வந்து, கதவு திறக்கும்வரை தட்டினார். என்னைப் போன்றவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

துறைக்கும் துறைக்கும் நடுவே இருக்கும் சுவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1999 கோடையில் நியூயார்க்கில் காகங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதே ஆகஸ்டில் குவீன்ஸ் பகுதியில் முதியவர்கள் மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். சுகாதாரத் துறையினர் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று செப்டம்பர் 3 அன்று அறிவித்தார்கள். பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் நோயியல் வல்லுநராக இருந்த டிரேசி மெக்நமாரா இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தவர். செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளைக் கொல்வதில்லையே, பிறகு ஏன் பறவைகள் சாகின்றன என்று அவருக்கு உறுத்தியது. பறவை ஒரு துறை, மனிதன் ஒரு துறை என்று இருந்ததில் அவர் சொன்னதற்கு உடனே செவி கிடைக்கவில்லை. மாதிரிகளை வேறு வேறு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். அந்த மாதக் கடைசியில்தான் பறவைகளைக் கொன்றதும் மனிதரைத் தாக்கியதும் ஒன்றே, கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ் என்று தெளிவானது. அந்த ஆண்டு 62 பேருக்கு நோய், 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு செத்த காகத்தைக் கண்டால் சொல்லுங்கள் என்று அங்கே மக்களைக் கேட்க ஆரம்பித்தார்கள். மனிதருக்கு நோய் வருமுன் காகம் சொல்லிவிடும் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நான் நிரப்பிய படிவம் வனத்துறை மேசையில் நின்றதா, கால்நடைத் துறைக்குப் போனதா, சுகாதாரத் துறைக்கு அதன் நிழலாவது தெரிந்ததா? பொதுமக்களுக்கு ஒரு வாசல் போதும். உள்ளே எத்தனை அறை இருக்கிறது என்பது எங்கள் தலைவலியாக இருக்கக் கூடாது. உலக அளவில் மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் நலமும் ஒன்று என்று ஐ.நா. அமைப்புகள் உட்பட நான்கு பெரிய அமைப்புகள் கைகோத்திருக்கின்றன. கையெழுத்து மேலே இருக்கிறது. கீழே தொலைபேசியை எடுப்பவருக்குப் பக்கத்து அலுவலகத்தின் எண்ணாவது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, சொல்பவருக்கு நேரும் ஆபத்து. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, சுற்றியிருந்த ஊர்களில் காய்ச்சல் பரவியது. செத்த குரங்கின் உடம்பை விட்டு இறங்கும் உண்ணிகள் அடுத்த உடம்பைத் தேடும். அக்கறையோடு கிட்டப்போய்ப் பார்ப்பவர்தான் முதலில் அகப்படுவார். காங்கோவிலும் கபோனிலும் 2001 முதல் 2003 வரை எபோலாவால் கொரில்லாக்களும் சிம்பன்சிகளும் மடிந்தபோது, காட்டில் சடலம் கண்டால் தொடாமல் தகவல் மட்டும் சொல்லும்படி வேட்டைக்காரர்களையும் ஊராரையும் சேர்த்து ஒரு வலை பின்னினார்கள். மனிதரிடம் நோய் வெடிப்பதற்குச் சில வாரங்கள் முன்பே எச்சரிக்கை கொடுக்க அது உதவியது. அங்கே 'தொடாதே' என்பதுதான் முதல் பாடம். உங்கள் செயலியில் அது நான்காவது திரையில், பொடி எழுத்தில் இருக்கிறது. படத்தைத் தெளிவாக எடுங்கள், கிட்டப்போய் எடுங்கள் என்பது முதல் திரையில்.

உடம்புக்கு வரும் ஆபத்து ஒரு பக்கம், பிழைப்புக்கு வரும் ஆபத்து இன்னொரு பக்கம். எனக்குக் காகம் செத்தால் மனக்கஷ்டம், அத்தோடு சரி. கோழி வளர்ப்பவர் தன் கொட்டகையில் பத்துக் கோழி சாய்ந்ததைச் சொன்னால் மிச்சக் கோழிகளையும் கொன்று புதைப்பீர்கள். புதைப்பது நோயைத் தடுக்கத்தான், மறுக்கவில்லை. இழப்பீடு எப்போது, எவ்வளவு என்று தெரியாத நிலையில் அவர் வாயை மூடிக்கொண்டு மிச்சத்தை இரவோடு இரவாக விற்றுவிடத்தான் நினைப்பார். அவரைத் திட்டிப் பயனில்லை. பொதுமக்கள் பங்கேற்பு என்று நீங்கள் சொல்லும்போது என்னைப் போல இழக்க ஒன்றும் இல்லாத நடைப்பயிற்சிக்காரர்களைத்தான் மனத்தில் வைத்திருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். உங்களுக்கு உண்மையில் வேண்டியது கோழிக்காரரின் சொல். அந்தச் சொல்லுக்கு முன்கூட்டியே ஓர் உறுதி கொடுத்தாக வேண்டும்.

மாடு மேய்ப்பவர்களை மதித்துக் கேட்டதால் கிடைத்த பலனும் உலகத்துக்குத் தெரியும். மாடுகளுக்கு வரும் வெக்கை நோய் பூமியிலிருந்தே ஒழிந்ததாக 2011இல் அறிவித்தார்கள். ஆப்பிரிக்காவின் கடைசி மூலைகளில் அது எங்கே பதுங்கியிருக்கிறது என்று தேடியபோது கால்நடை மருத்துவர்கள் படிவத்தோடு போகவில்லை. மேய்ப்பர்களோடு உட்கார்ந்து, அவர்கள் மாட்டு நோய்களுக்கு வைத்திருக்கும் பெயர்களிலேயே பேசினார்கள். கண்ணில் நீர் வடிவது, வாய்ப்புண், கழிச்சல் என்று அவர்கள் அடையாளம் சொல்ல இவர்கள் குறித்துக்கொண்டார்கள். படிவத்தில் நோயின் விஞ்ஞானப் பெயர் கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தரவைப் பற்றியும் இரண்டு வார்த்தை, சுருக்கமாக. நீங்கள் செத்ததை மட்டும் கேட்கிறீர்கள். நான் அந்தப் பாதையில் முந்நூறு நாள் நடந்து எதுவும் செத்துக் கிடக்கவில்லை என்பதைச் சொல்ல இடமே இல்லை. 1994 வாக்கில் அமெரிக்காவில் ஹவுஸ் ஃபின்ச் என்னும் சிட்டினப் பறவைகளுக்குக் கண் வீங்கும் நோய் வந்தபோது, கார்னெல் பறவையியல் கூடம் நோயுள்ள பறவையோடு நோயில்லாத பறவையையும் குறித்து அனுப்பச் சொன்னது. அதனால்தான் நோய் எந்த மாதம் எந்தத் திசையில் நகர்ந்தது என்று வரைய முடிந்தது. இல்லையென்றால் ஆள் அதிகம் நடக்கும் இடத்தில் நோய் அதிகம் என்று படம் காட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காகம் அதிகமாகச் சாவதாகவும் காட்டும்.

அரிய விலங்கு ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்பவரின் இடக்குறிப்பை அப்படியே வரைபடத்தில் போட்டுவிடாதீர்கள். மக்கள் தாம் பார்த்த உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட், இபேர்ட் போன்ற இணையதளங்கள் ஆபத்திலுள்ள இனங்களின் சரியான இடத்தை மறைத்து வைக்கின்றன. கூடு எங்கே என்று கள்ளவேட்டைக்காரனுக்கு நாமே வழி சொன்ன கதை ஆகக் கூடாது. எங்கள் கைப்பேசி எண் விஷயத்திலும் அதே கவனம் வேண்டும்.

கடைசியாக ஒரு பயம், மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று களப்பணியாளர் இடங்களை நிரப்பாமல் விட்டுவிடுவீர்களோ என்பதுதான் அது. நாங்கள் பார்ப்போம், சொல்வோம். அறுத்துப் பார்க்க எங்களால் முடியாது. 2006இல் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில் ஒருவர் மூக்கில் வெள்ளை படிந்த வௌவால்களைப் படமெடுத்தார். லட்சக்கணக்கான வௌவால்களைப் பின்னால் கொன்ற பூஞ்சைநோயின் முதல் சான்று அந்தப் படம். அது என்னவென்று சொல்ல உயிரியலாளர்களும் நுண்ணோக்கியும் வேண்டியிருந்தது. எங்களைப் போல ஆயிரம் பேர் படம் அனுப்பினாலும் அந்தப் பக்கம் பிரித்துப் பார்க்கச் சம்பளம் வாங்கும் ஓர் ஆள் இல்லையென்றால் எல்லாம் வெறும் படங்கள்தான்.

சென்ற வாரம் அதே மரத்தடியில் ஒரு காகம் கிடந்தது. ஒன்றுதான். கைப்பேசியை எடுத்தேன், படிவத்தைத் திறந்தேன், மூடிவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது, திரும்பிப் போய் நிரப்பினேன். இப்போது என்னிடம் இரண்டு பதிவு எண்கள் இருக்கின்றன. வேண்டுமென்றால் இரண்டையும் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் படிவத்தை நிரப்பியவர்களில் ஒருவர்